தட்டாத ஜன்னல்

காலரக்கா முதலில் பார்த்தது அந்த வாயைத்தான். அதன் பிறகுதான் அது தன் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

சாயங்கால ரயிலுக்காகக் கூட்டத்தோடு கூட்டமாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தவள், குடிதண்ணீர்க் குழாய்க்கு எதிர்ச்சுவரில் புதிதாக ஏதோ மாட்டியிருக்கிறார்களே என்று தலையைத் தூக்கினாள். ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படம். ரயில் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பொம்பளை தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. ஏதோ லேசாகத் திறந்திருந்தாலும் பரவாயில்லை; பல் டாக்டர் 'இன்னும் கொஞ்சம்' என்று சொன்ன மாதிரி திறந்திருக்கிறது. தலை பக்கத்து ஆளின் தோளில். அந்த ஆளும் தூங்குகிறான், அவன் தலை இவள் தலைமேல். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தின ரெண்டு செங்கல் மாதிரி இருவரும்.

"நகரும்மா, நடு வழியில நின்னுக்கிட்டு" என்று பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள்.

அவள் நகரவில்லை. பக்கத்தில் காலேஜ் பெண்கள் ரெண்டு பேர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம்டி. எவ்வளவு டயர்டு பாரு."

"பாவம்தான். ஈ உள்ள போய் வெளிய வந்திருக்கும்."

காலரக்கா சால்வையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு படத்தின் கீழே இருந்த அட்டையைப் படித்தாள். ஸ்டேஷனுக்கு நூறு வயது ஆனதற்காக ரயில்வே ஆபீஸ் நடத்திய போட்டி. தலைப்பு, தெரியாத முகங்கள். முதல் பரிசு. படத்தின் பெயர், 'பெயர் தெரியாத பயணி'. எடுத்தவர் பெயர் அதற்குக் கீழே. அது அவள் கொழுந்தனுடைய பெயர்.

அதுகூடப் பரவாயில்லை. படத்தில் ஜன்னலின் கண்ணாடியை மேலே தூக்கி விட்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் பிளாட்பாரம் தெரிந்தது. பிளாட்பாரத்தில் சக்கரம் போன எடை மெஷின். காலரக்கா திரும்பிப் பார்த்தாள். அதே எடை மெஷின், அதே பிளாட்பாரத்தில், போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ரயிலில் தூங்கி, வேலைக்கு இறங்க வேண்டிய இந்த ஸ்டேஷனை விட்டுவிட்டுக் கடைசி ஸ்டேஷன் வரை போனது அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை ரயில் இந்த ஸ்டேஷனில் நின்றிருக்கிறது. கொழுந்தன் இந்தப் பிளாட்பாரத்தில், அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறான். அவளைப் படம் எடுத்திருக்கிறான். எழுப்பவில்லை.

*

அன்றைக்கு அவள் இழந்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாய்க்கு இவ்வளவு ஆத்திரமா என்று தோன்றும்.

சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் ஏற்றுவது அவள் வேலை. சட்டையில் எல்லாவற்றையும்விடப் பொல்லாத இடம் அது. கழுத்துத் துணியைக் கொஞ்சம் இழுத்தால் காலர் ஒரு பக்கம் தூக்கும், விட்டால் சுருங்கும். புதிதாக வருகிற பெண்கள் ஒரு வாரம் அழுதுவிட்டுப் பாக்கெட் தைக்கப் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. அதனால்தான் காலரக்கா. ஒரு வரிசை மெஷின்களுக்குப் பொறுப்பாக நிற்கிற லைன் லீடர் வேலை காலியானபோது, அது அவளுக்குத்தான் என்று கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரிந்திருந்தது. பெரிய மேடம் காலையில் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லப்போகிற நாளில், காலரக்கா கடைசி ஸ்டேஷனில் ஒரு துப்புரவுக்காரர் துடைப்பத்தால் பெஞ்சைத் தட்டிய பிறகு கண்ணை முழித்தாள். ஓடி வந்து சேர்ந்தபோது எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள்.

"என்ன காலரக்கா, இன்னைக்குப் பார்த்து?" என்றார் பெரிய மேடம்.

"சிக்னல் கோளாறு மேடம். ரயில் நடுவுல நின்னுடுச்சு."

"அப்படியா" என்றார் மேடம்.

அந்த வேலை பாக்கெட் தைக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்குப் போயிற்று. இப்போது மாடியில் புது லைன் ஒன்று போடுகிறார்கள். அதற்கு யார் என்று இந்த வாரம் சொல்வார்கள். பெரிய மேடம் தினமும் ஏறி இறங்குவது இந்த ஸ்டேஷனில். தண்ணீர் பாட்டில் நிரப்புவது இந்தக் குழாயில்.

*

வீட்டில் முன்னறைத் தரையில் பேப்பர் விரித்து, அவள் வீட்டுக்காரர் யாரோ ஒருத்தர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பரப்பியிருந்தார். மோட்டார் ரிப்பேர்தான் அவர் தொழில். கழற்றின ஒவ்வொரு திருகையும் கழற்றின வரிசையிலேயே வைப்பார்; மனிதர்களிடம் மட்டும் எந்தத் திருகையும் தொடமாட்டார்.

"உங்க தம்பி எங்க?"

"வருவான்."

"வருவான்னு எனக்கும் தெரியும். எங்கன்னு கேட்டேன்."

"ஏன், என்ன?"

"ஸ்டேஷன்ல ஆள் உயரத்துக்கு மாட்டி வெச்சிருக்கான்."

"எதை?"

"என்னை."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். "நல்லா வந்திருக்கா?" என்றார்.

"வாய் நல்லா வந்திருக்கு. உங்க மோட்டார் உள்ள போகும். ஒரு ஆம்பளை தோள்ல சாஞ்சு தூங்குறேன்."

"யாரு அந்த ஆளு?"

"எனக்கென்ன தெரியும்? தூங்குறவ தோள் பார்த்தா சாய்வா?"

"சரி, விடு."

"எதை விட? நான் எதைப் பிடிச்சேன் விடறதுக்கு?"

இந்தக் கொழுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிரவுசரில் இருந்தவன். இப்போது தாடியில் நரை. நடுவில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுக்கப் போனான். மணப்பெண்ணைப் பார்த்து, "சிரிக்காதீங்க, சிரிச்சா பொய்யா இருக்கு" என்றானாம். பெண்ணின் அப்பா கேமராவோடு அவனை வாசலுக்குத் தூக்கி வந்தார். அதிலிருந்து ரயில்தான். காலை ரயில், மாலை ரயில், பிளாட்பாரம், படிக்கட்டு. யாரையும் கேட்டு எடுக்கமாட்டான். கேட்டால் முகம் செத்துப்போகுமாம். கேமராவைக் கண்ணுக்கே கொண்டுபோகாமல், வயிற்றோடு அணைத்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி நின்று எடுப்பான். ரயிலில் அவனுக்குக் கிளிக்கு என்று பெயர்.

"ஏண்டா கிளிக்கு, நேத்து என்னை எடுத்தியே, கீரை தெரியுதா?" என்று கேட்பாள் கூடையோடு ஏறுகிற கீரைக்காரி.

"இல்லக்கா, முகம்தான்."

"கீரையில்லாம என் முகத்தை எவன் பார்ப்பான்? இறங்குடா கீழ."

ஒருமுறை ஒரு போலீஸ்காரரின் கொட்டாவியை எடுத்துவிட்டான். ரயில்வே போலீஸ் அறைக்குப் போய், "எங்க கொழுந்தன்தாங்க, கிறுக்கு, ஆனா கெட்டவன் இல்லை" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னது காலரக்காதான். அன்றைக்கு அவளுடைய வீட்டுக்காரர் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற நேரத்தில் கொழுந்தன் வந்தான். அண்ணி சமையலறையில் இல்லாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவுடனேயே ஒரு செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அண்ணி, நானே சொல்லணும்னுதான்..."

"அந்தச் செருப்பையும் கழட்டு. உட்காரு."

உட்கார்ந்தான்.

"ஒரே கேள்வி. எடுக்கும்போது அது நான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மோட்டாரைப் பார்த்தார்.

"அவர்கிட்ட பதில் இல்லை, என்னைப் பாரு. தெரியாதுன்னா, இத்தனை வருஷம் சோறு போட்டவ முகம் உனக்குத் தெரியலைன்னு ஆகும். தெரியும்னா, தெரிஞ்சும் எழுப்பாமப் போனேன்னு ஆகும். ரெண்டுல எது வசதியோ அதைச் சொல்லு."

"முதல்ல தெரியலை அண்ணி."

"முதல்ல."

"முதல்ல வெளிச்சம்தான் தெரிஞ்சுது. ஜன்னல் கம்பி நிழல் ரெண்டு பேர் மேலயும் விழுந்து..."

"வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு வாய் இருந்துதே, அது தெரியலையா?"

"ஒண்ணு எடுத்தேன். எடுத்துட்டுத் தலையைத் தூக்கினப்புறம்தான் நீங்கன்னு தெரிஞ்சுது."

"சரி. தெரிஞ்சுது. அப்புறம்?"

அவன் தாடியைத் தடவினான்.

"அப்புறம் என்னடா பண்ணே?"

"இன்னொண்ணு எடுத்தேன்."

வீட்டுக்காரரின் கையிலிருந்து ஒரு திருகு விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

"ஜன்னல் கை எட்டுற தூரம்தானே?"

"எட்டும்."

"கம்பியில ஒரு தட்டு தட்டியிருக்கலாம்."

"தட்டினா முழிச்சிடுவீங்க அண்ணி."

"அதுக்குத்தானேடா தட்டுறது?"

"முழிச்சா படம் போயிடும்."

"படம் போயிடும்." அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "என் வேலை போகும்னு தெரியாது?"

"சத்தியமா தெரியாது அண்ணி. ஏதோ தூங்கட்டுமேன்னு..."

"தூங்கட்டுமேன்னு நினைச்சியாக்கும். முந்தின ராத்திரி இதே அறையில நீயும் உன் கூட்டாளிங்களும் நிழல் கறுப்பா சாம்பலான்னு சண்டை போட்டீங்களே, அப்ப நினைச்சிருந்தா நான் ரயில்ல ஏன் தூங்கப் போறேன்?"

அவன் கழற்றின செருப்பை நேராக்கி வைத்தான்.

"சரி, சுவர்ல மாட்டியிருக்கறது எது? முதல்ல எடுத்ததா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"நான்னு தெரிஞ்சு எடுத்தது."

"ஆமா."

"கீழ என்னன்னு போட்டிருக்கே?"

"போட்டி விதி அண்ணி. தெரிஞ்சவங்களை எடுத்தா சேர்த்துக்க மாட்டாங்க. அதனால..."

"அதனால பெயர் தெரியாத பயணி."

"முதல் பரிசுக்காரனுக்கு ஒரு வருஷம் வேலை அண்ணி. இந்த லைன்ல இருக்கிற எல்லா ஸ்டேஷனையும் எடுக்கணும். பாஸ் குடுப்பாங்க, சம்பளம் குடுப்பாங்க. போலீஸ் பிடிக்காது. எனக்கு முதல் தடவையா..." அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "யாருக்கும் நீங்கன்னு தெரியாது. தூங்குற முகம் வேற."

"எங்க மேடம் அந்தக் குழாய்லதான் தண்ணி பிடிக்கிறாங்க. ரயில் நின்னுடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன் நான். அந்தம்மா தலையைத் தூக்கினா, இந்தம்மா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறா. நாளைக்கு சாயங்காலம் நான் வரும்போது அது அந்தச் சுவர்ல இருக்கக் கூடாது."

"எடுக்கணும்னா காரணம் கேட்பாங்க. சொன்னா வேலை போயிடும் அண்ணி."

"போகட்டும். என்னது போனப்ப நீ எங்க நின்னே? ஜன்னல்கிட்டதானே நின்னே?"

"விடும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க அந்தத் திருகைத் தேடுங்க. அலமாரிக்கு அடியில போயிருக்கு."

*

மறுநாள் காலையில் தூறல். நனைந்த குடைகளும் நனைந்த சட்டைகளுமாக ரயில் பெட்டி புழுங்கியது. காலரக்கா உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து பக்கத்தில் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு.

"தங்கச்சி, நீங்க அந்தப் படத்துல..."

"இல்லீங்க."

"நான்தான் அந்தத் தோள்."

அவள் தோளைப் பார்த்தாள். ஆமாம், அதே தோள்தான். ஒரு பாங்கில் இரவுக் காவல் வேலையாம். விடிந்ததும் கடைசி ஸ்டேஷனிலிருக்கும் வீட்டுக்குப் போகிறவராம்.

"வீட்டுல சண்டைதான்" என்றார் அவர் சந்தோஷமாக. "எங்க வீட்டம்மா ரயில் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்தா. என்னைப் பார்த்தா ஒருத்தி சாய்வான்னு அவளால நம்ப முடியலை. இனிமே துண்டு போட்டுக்கிட்டுத்தான் ரயில்ல போகணும்னு உத்தரவு."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையா? காவல்காரர் தூங்குறாரேன்னு?"

"நானும் பயந்தேன். எங்க மேனேஜர் பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? பகல்ல இந்தத் தூக்கம் தூங்குறான்னா ராத்திரி முழிச்சிருக்கான்னு அர்த்தம், நல்ல ஆளுன்னார்."

உலகத்தில் சில பேருக்கு வாயைத் திறந்து தூங்கினாலும் நல்ல பெயர் வருகிறது என்று காலரக்கா நினைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க ஏன் கடைசி வரைக்கும் வந்தீங்க தங்கச்சி? நடுவுல இறங்குறவங்கதானே?"

"தூங்கிட்டேன்" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். தூங்கிட்டேன் என்பதற்கு மேல் அதில் கேட்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். முன்பின் தெரியாத மனிதரிடம் அந்த வார்த்தை எவ்வளவு லேசாக வந்துவிட்டது என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இறங்கியதும் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனாள்.

"அந்தப் படத்தை எடுத்துடணும் சார்."

"எந்தப் படம்? தூங்குற படமா? நல்லா இருக்கேம்மா."

"நல்லா இல்லைங்க. எடுத்துடுங்க."

"நான் எப்படிம்மா எடுக்கறது? சுவர் எங்களோடது. ஆணிகூட எங்களோடது. படம் எங்களோடது இல்லை. மேலாபீஸ்ல கேட்கணும், இல்லை எடுத்தவன் வந்து சொல்லணும். ஆமா, உங்களுக்கென்ன அதுல? அந்தம்மா உங்க சொந்தமா?"

"நான்தாங்க அது."

அவர் கண்ணாடியைத் தூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? இல்லையேம்மா. அது வயசான அம்மா."

அவளுக்கு அதைக் கேட்டு மகிழ்வதா, மேஜையிலிருந்த பச்சைக் கொடியை எடுத்து ரெண்டு போடுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்தாள். படத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். குழாயடியில் பெரிய மேடத்தின் குடை மாதிரி ஒன்று போயிற்று. அதுவேதானா என்று பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

கம்பெனியில் காலையில் ஏற்றிய முதல் காலரே தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்தாள். ரெண்டாவதும் அப்படியே. செக்கிங் பெண் சட்டையைக் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டுவிட்டு, "அக்கா, உங்ககிட்டேருந்தா இது?" என்றாள். அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே காலரக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யார் இழுப்பார்கள் யார் இழுப்பார்கள் என்று எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

பெரிய மேடம் தன் கண்ணாடி அறையில் ரொட்டியைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், போன மாசம் ஒருநாள் லேட்டா வந்தேனே."

"ஆமா."

"சிக்னல் கோளாறு இல்லை. தூங்கிட்டேன். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன்."

மேடம் ரொட்டியை முடித்தார். கையைத் துடைத்தார்.

"சிக்னல் கோளாறு இல்லைன்னு எனக்குத் தெரியும் காலரக்கா."

"படத்தைப் பார்த்தீங்களா?"

"எந்தப் படம்?"

காலரக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"நானும் அன்னைக்கு அதே லைன்லதான் வந்தேன். உங்களுக்கு அடுத்த ரயில். சிக்னல் கோளாறுன்னா நான் இங்க எப்படி உங்களுக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பேன்?"

காலரக்கா சால்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கு லேட்டா வந்ததுக்காக வேலையை மாத்திக் குடுக்கலை. நீங்க வர வரைக்கும் யார்கிட்டயும் பேரைச் சொல்லாமத்தான் வெச்சிருந்தேன். வந்து, தூங்கிட்டேன் மேடம்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். நான் தூங்காத ரயிலா? ஆனா தன் தூக்கத்துக்கு சிக்னலைச் சொல்றவங்க, நாளைக்கு ஒரு காலர் கோணலா போனா மெஷினைச் சொல்வாங்க. லைன்ல அதான் எனக்கு பயம்."

"நான் காலருக்கு மெஷினைச் சொன்னதில்லை மேடம்."

"அது நிஜம். அதனாலதான் எனக்கு இன்னும் கோபம்." மேடம் தேநீர்க் கோப்பையை நகர்த்தினார். "புது லைனுக்கு வேற ஒருத்தரை நினைச்சு வெச்சிருந்தேன். இப்ப நீங்க வந்து நின்னு, எனக்கு மறுபடியும் யோசிக்கற வேலை வெச்சிட்டீங்க. போங்க. ஆமா, என்ன படம்?"

"ஒண்ணுமில்லை மேடம். குழாய்க்கு எதிர்ல இருக்கு."

"அந்த வயசான அம்மாவா?"

காலரக்கா மெஷினுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு மாதமாகத் தன்னை வேலைக்குத் தாமதமாக்கியது தூக்கம் என்று தூக்கத்தைத் திட்டினாள். நேற்றிலிருந்து கொழுந்தனைத் திட்டினாள். அது எவ்வளவு வசதியாக இருந்தது. இப்போது பார்த்தால் அந்த வேலையைத் தின்றது தன் வாயிலிருந்தே வந்த ஒரு வார்த்தை.

*

சாயங்காலம் ஸ்டேஷனில் குழாய்க்கு எதிர்ச்சுவர் காலியாக இருந்தது. நாலு ஆணி மட்டும் நின்றன. காலரக்கா அந்த ஆணிகளுக்கு எதிரில், 'பாவி, சொன்னதைக் கேட்டுட்டானே' என்று நின்றாள்.

வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே எதுவோ முட்டியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நுழைந்தாள். முன்னறைச் சுவர் முழுக்க அவளே இருந்தாள், அந்தக் காவல்காரரோடு. அலமாரியை நகர்த்தி, நாற்காலியைச் சமையலறைக்குத் தள்ளி, அதற்கு இடம் பண்ணியிருந்தது. வீட்டுக்காரர் மோட்டாரோடு மூலையில் ஒடுங்கியிருந்தார்.

"நான் எங்க படுக்கறது?" என்றார் அவர், அவளிடம் இல்லை, பொதுவாக.

கொழுந்தன் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் நனைந்து காய்ந்திருந்தது.

"யாருடா இதை எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான் அண்ணி."

"நான் ஆயிரம் சொல்வேன். சட்டையைத் துவைச்சுப் போடுன்னும்தான் சொல்றேன், கேட்டியா? எப்படிக் கொண்டு வந்தே இதை?"

"சாமான் ஏத்துற பெட்டியில. கீரைக்கார அக்கா ஒரு பக்கம் பிடிச்சாங்க. உன்னை விட என் கீரைக்கூடை தேவலைடான்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாங்க."

"ஆபீஸ்ல என்ன சொன்னே?"

"தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். எங்க அண்ணின்னு."

"அதான் காரணம்னு சொல்லணுமா? படம் பிடிக்கலை, எடுத்துக்கறேன்னு சொல்லக் கூடாதா?"

"நீங்கதானே அண்ணி நேத்து, பெயர் தெரியாத பயணியான்னு..." அவன் நிறுத்தினான். "அதைக் கேட்டப்புறம் வேற எதுவும் சொல்ல வரலை."

"வேலை?"

"ரெண்டாவது பரிசுக்காரனுக்கு. அவன் பாலத்தை எடுத்திருக்கான். பாலம் யாருக்கும் சொந்தக்காரங்க இல்லையாம்."

காலரக்கா நாற்காலியைத் தேடினாள். நாற்காலி இல்லை. தரையிலேயே, படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க மேடம் பார்த்துட்டாங்களா அண்ணி?"

இந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பார்த்துட்டாங்க, போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இந்த வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் குப்பை கொட்டுவதும் அவன் வேலையாகிவிடும். அந்த யோசனை அவளுக்கு வராமலில்லை.

"பார்க்கலை. நானே போய் தூங்கிட்டேன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரியும். லேட்டானதுக்கு இல்லையாம், பொய் சொன்னதுக்குத்தான் குடுக்கலையாம்."

கொழுந்தன் முகத்தில் ஏதோ எழும்பி வந்தது. "அப்ப என்னால இல்லையா?"

"அவசரப்படாதே. நீ தட்டியிருந்தா நான் இறங்கியிருப்பேன். இறங்கியிருந்தா பொய்யே தேவைப்பட்டிருக்காது. அது உன்னோடது. வந்து நின்னு சிக்னல்னு சொன்னது நான். அது என்னோடது. உன்னோடதை எடுத்து என்னோடதுக்கு மேல போர்த்திக்கிட்டேன் நேத்து. அவ்வளவுதான்."

"அப்ப நான் படத்தைச் சுவர்லேருந்து எடுத்தது?"

"தண்டம்."

வெளியே மறுபடி தூறல் போட்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் காலரக்கா முதல் தடவையாகப் படத்தைப் படமாகப் பார்த்தாள். நேற்று பார்த்தது வாயைத்தான். கம்பி நிழல் ரெண்டு முகங்களிலும் கோடு கோடாக இறங்கி மடிக்கு வருகிறது. மடியில் அவள் வலது கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு துணியின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. இழுக்காமலும் விடாமலும்.

"தூக்கத்திலயும் காலர் ஏத்திக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"முதல் படத்துல கை வரலை அண்ணி. நீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் கையைப் பார்த்தேன். அதுக்குத்தான் ரெண்டாவது."

"அதை எடுத்துட்டாவது தட்டியிருக்கலாம்."

"ரயில் கிளம்பிடுச்சு."

"கிளம்பினா ஓடுறது."

"ஆமா. ஓடியிருக்கணும்."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சமையலறையில் காலையில் வடித்த சோறும் அவித்த முட்டையும் இருந்தன. எழுந்து போகலாம் என்று கையை ஊன்றினாள். ஊன்றியபடியே கேட்டாள்.

"இத்தனை வருஷமா கண்டவங்களை எல்லாம் எடுத்திருக்கே. நான் முழிச்சிருக்கும்போது என்னை ஒரு தடவையாவது எடுத்திருக்கியா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், தலையைக் குனிந்து, எங்கேயாவது ஒன்று இருக்காதா என்று தேடுகிற மாதிரி.

"இல்லை அண்ணி."

"ஏன்?"

"நீங்க பார்ப்பீங்க. முழிச்சிருக்கவங்க பார்த்துட்டா படம் வராது."

"எது வராது? பார்த்தா என்ன போயிடும் உனக்கு?"

அவன் கேமராப் பையைப் பக்கத்தில் இழுத்தான். கேமராவை எடுத்தான். வயிற்றோடு அணைக்கவில்லை, எல்லோரும் செய்கிற மாதிரி கண்ணுக்குக் கொண்டுபோனான். மறுபடி இறக்கினான். காதெல்லாம் சிவந்து போயிருந்தது அவனுக்கு.

"அண்ணி, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

மூலையிலிருந்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி வாயிலிருந்து அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

காலரக்கா அவனை நன்றாகப் பார்த்தாள். சால்வையைச் சரிசெய்யவில்லை, தலையைக் கோதவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

அவன் கேமராவைத் தரையில் வைத்தான்.

"எழுந்து முட்டையை உரி. மூணு பேருக்கும்."